எட்டணா மகசூல்

பூவத்தாங்கல்
9-11-1966

பிரியமுள்ள தம்பி தயாளனுக்கு,

அக்கா தபீதாள் எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் அவரும் பியூலாவும் உயிரோடு இருக்கிறோம், சுகமாகவும் இருக்கிறோம். நீயும் ஞானஜோதியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? தாம்பரத்தில் ரயிலடிப் பக்கம் மரமெல்லாம் சாய்ந்துவிட்டதாகப் பால்காரர் சொன்னார். உன் வீட்டு ஓடு பிழைத்ததா?

இங்கே புயல் ஒரு பகலும் ஒரு இரவும் ஆடித் தீர்த்தது. ஆலயத்துக் கூரையில் பாதி பறந்து ஏரியில் கிடக்கிறது. பள்ளப்பக்கத்து நிலமெல்லாம் தண்ணீருக்குள். ஜெயவேலு வீட்டுப் பயிர் எங்கே இருந்தது என்று அவரே தேடவேண்டியிருக்கிறது. நம் இரண்டு ஏக்கர் மேட்டுப்பக்கம் என்பதால் பயிர் சாயவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் "ஐசக்குக்குக் கர்த்தர் துணை" என்கிறார்கள். ஆனால் உன் மாமாவுக்கு முகமே சரியில்லை. "நின்னுகினுதான் கீது. உள்ள ஒண்ணும் இல்ல மே. பூ வெச்ச நேரத்துல காத்து அடிச்சா பால் எங்க புடிக்கும்?" என்கிறார்.

சர்க்கார் இந்த வருஷம் நிலத்தீர்வையைத் தள்ளுபடி செய்யப்போவதாக ஊரில் பேச்சு. தீர்வையைக் கூடக் கட்டிவிடலாம் தம்பி. தள்ளுபடிப் பட்டியலில் பேர் இருந்தால்தான் சொசைட்டிக் கடனுக்கு ஒரு வருஷம் தவணை கிடைக்குமாம், விதைநெல்லும் தருவார்களாம். பேர் இல்லாவிட்டால் சொசைட்டிக்காரன் நிலத்தில் கை வைப்பான். நிலம் அவனிடம்தான் ஈடாக இருக்கிறது.

எங்கள் பிர்க்காவுக்கு நீதானே ரெவின்யூ இன்ஸ்பெக்டர். "ஆர்.ஐ. அக்கா வூட்டுக்குத்தான் மொத தள்ளுபடி" என்று ஜெயவேலு என் காதுபடவே சொன்னார். நான் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். நீ எப்போது வருவாய்?

உன் அக்கா,
தபீதாள்

*

மேற்குத் தாம்பரம்
14-11-1966

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்ட பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். ஓடு இருபது முப்பது போயிற்று, அவ்வளவுதான். மாமாவின் உடம்பு எப்படி? ஈரத்தில் அதிகம் நிற்க வேண்டாம் என்று சொல்.

தள்ளுபடி விஷயம். இதைக் கேட்பதற்குச் சுலபமாக இருக்கும், ஆனால் முறை வேறு. நானும் கணக்குப்பிள்ளையும் ஒவ்வொரு நிலமாக நடந்து பார்க்கவேண்டும். அணா போய்ப் பைசா வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் எங்கள் ஆபீசில் விளைச்சலை அணாவில்தான் எழுதுகிறோம். பதினாறணா என்றால் முழு விளைச்சல். நாலணாவுக்கு மேல் போகாத நிலத்துக்குத்தான் தள்ளுபடி. அந்த அணாவை எழுதுவது என் பேனா. அதனால் ஊரே என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

போன வருஷம் என்மேல் ஒரு மொட்டை மனு போனது உனக்கு நினைவிருக்கும். உறவுக்காரர்களுக்கு வாய்க்கால் தண்ணீர் திருப்பிவிடுகிறேன் என்று எவனோ எழுதிப் போட்டான். விசாரணை முடியுமுன் எனக்குப் பாதி முடி நரைத்தது. ஆகையால் நான் அளக்க வரும்போது என்னைத் தம்பி என்று கூப்பிடாதே. சாப்பிடு என்று சொல்லாதே, தண்ணீர்கூடக் கொடுக்காதே. மாமாவும் நிலத்துப் பக்கம் வந்து எதுவும் பேசவேண்டாம். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். கோபித்துக்கொள்ளாதே.

பியூலாவை நன்றாகப் படிக்கச் சொல்.

தம்பி,
தயாளன்

*

பூவத்தாங்கல்
2-12-1966

பிரியமுள்ள ஆர்.ஐ. சாருக்கு,

இப்படித்தானே கூப்பிடவேண்டும்? இந்த ஊரில் யாவரும் சுகம். அங்கே ஞானஜோதிக்கு இருமல் நின்றதா?

நேற்று நீ வந்துபோனதை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். கணக்குப்பிள்ளை அப்பாதுரை குடை பிடிக்க, நீ வரப்பில் நடந்து வந்தாய். மெலிந்திருக்கிறாய். மோர் கரைத்துப் பெருங்காயம் போட்டு வைத்திருந்தேன். நீ போட்ட சட்டப்படி உனக்குக் கொடுக்கவில்லை, நானே செம்பு முழுவதும் குடித்தேன்.

உன் மாமாதான் அடங்கவில்லை. "நான் போயி ரெண்டு கதிர கசக்கிக் காட்டிட்டு வர்றேன். தூரத்துல பாத்தா பச்சையாத்தான் தெரியும்" என்று துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார். நான் கதவில் குறுக்கே நின்றுவிட்டேன். "அவன் வேண்டாம் என்று எழுதியிருக்கிறான். அவனுக்குத் தெரியாததா? ஊர் பார்க்கிறது, நீங்கள் போகாதீர்கள்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் செய்தது சரிதானே? நீ எல்லாம் பார்த்திருப்பாய்.

அக்கா,
தபீதாள்

*

மேற்குத் தாம்பரம்
20-12-1966

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் பியூலாவுக்கும்,

கிறிஸ்து பிறப்பின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக. நாங்கள் சுகம்.

பியூலாவுக்குப் பாவாடைத் துணி பால்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பண்டிகைக்கு வரவேண்டும் என்றுதான் இருந்தோம். ஆபீசில் வருஷக்கடைசிக் கணக்கு குவிந்து கிடக்கிறது. இந்த முறை மன்னித்துக்கொள்.

வேறு விசேஷம் இல்லை.

தயாளன்

*

பூவத்தாங்கல்
11-1-1967

பிரியமுள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகமாக இருக்கிறோம் என்றுதான் தொடங்கவேண்டும். உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் சுகத்துக்கு எழுது.

நேற்றுச் சாவடியில் தள்ளுபடிப் பட்டியல் ஒட்டினார்கள். பியூலா போய்ப் படித்துவிட்டு வந்தாள். முகம் ஒருமாதிரி இருந்தது. திரும்பவும் போய்ப் படிக்கச் சொன்னேன். நாற்பத்தொரு பேர் இருக்கிறார்கள், நாம் இல்லை. கணக்குப்பிள்ளையிடம் கேட்டால், நம் சர்வே நம்பருக்கு நேரே எட்டணா என்று இருக்கிறதாம்.

ஜெயவேலுவே வீட்டுக்கு வந்துவிட்டார். "இன்னாக்கா இது? நான் ஏதோ வாய்க்கொழுப்புல சொன்னேன். ஒங்க தம்பி ஒங்களையே உட்டுட்டாரே" என்று தலையைச் சொறிந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்று ஊரில் சிரிக்கிறார்கள்.

போன வாரம் அறுத்து அடித்தோம். காற்றில் தூற்றினால் எல்லாம் காற்றோடு போகிறது. இரண்டு ஏக்கருக்கும் சேர்த்து ஒன்றரை மூட்டை. பதர் மட்டும் களத்தில் மலைபோல் கிடக்கிறது.

உன்மேல் குறை சொல்ல வரவில்லை. அன்றைக்குப் பயிர் நின்றது, நீ நின்றதை எழுதினாய். கசக்கிக் காட்ட வந்த மனுஷனைத் தடுத்தவள் நான். அந்த நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முப்பது நாளைக்குள் தாலுக்கா ஆபீசில் மனுக் கொடுத்தால் வேறு ஒரு அதிகாரி வந்து பார்ப்பாராம். பதர் இருக்கும்போதே வந்தால் கண்ணால் காட்டிவிடலாம். கொடுக்கட்டுமா? கொடுத்தால் உனக்கு ஏதும் கெடுதல் வருமா? உன்னைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டோம். மறு தபாலில் எழுது தம்பி. பிப்ரவரி ஒன்பதாம் தேதி கடைசி நாள்.

அக்கா,
தபீதாள்

*

மேற்குத் தாம்பரம்
16-2-1967

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எல்லாரும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். இங்கே யாவரும் நலம்.

தேர்தல் வேலையாக ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தேன். உன் ஜனவரிக் கடிதம் நேற்றுத்தான் கைக்குக் கிடைத்தது. அதற்குள் கெடு முடிந்துவிட்டதே என்று மிகவும் வருத்தப்பட்டேன். முன்னமே தெரிந்திருந்தால் கட்டாயம் மனுக் கொடுக்கச் சொல்லியிருப்பேன். இனி என்ன செய்வது.

எனக்கு டெபுடி தாசில்தாராகப் பதவி உயர்வு வந்திருக்கிறது. உத்திரமேரூரில் வேலை. ஞானஜோதியும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்காகத் தாம்பரத்திலேயே இருப்பார்கள். நான் சனி, ஞாயிறு வந்துபோவேன்.

நாற்பது ரூபாய் மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். மறுக்காமல் வாங்கிக்கொள்.

தயாளன்

*

பூவத்தாங்கல்
3-3-1967

பிரியமுள்ள தம்பிக்கு,

உன் பதவி உயர்வுக்காகப் போன ஞாயிறு ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டோம். கர்த்தர் உன்னை இன்னும் உயர்த்துவார். ஞானஜோதிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் வாழ்த்து.

மணியார்டர் திரும்பி வந்திருக்கும். உன் மாமா கைநாட்டு வைக்கமாட்டேன் என்றுவிட்டார். "புது ஊருக்குப் போற மனுஷனுக்கு நாம குடுக்கணும். நாம வாங்கறதா?" என்றார். கோபம் ஒன்றும் இல்லை.

கோபம் என்ன, பெருமையில் மனுஷன் தரையில் நடக்கவில்லை. அப்பாதுரை வந்து சொன்னார். அதிகாரிகள் கூட்டத்தில் பெரிய அதிகாரி உன்னை எழுந்து நிற்கச் சொல்லி, "சொந்த அக்கா நிலத்தையே தள்ளுபடியில் சேர்க்காத ஆள்" என்று எல்லார் முன்னாலும் புகழ்ந்தாராமே. நீ எழுதவே இல்லை. உன் மாமா அதைக் கேட்டதிலிருந்து டீக்கடை, ஆலயம், சலூன் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

மனு விஷயமும் நடந்ததைச் சொல்கிறேன். உன் பதில் வரவில்லை என்று பியூலா ஒரு மனு எழுதிவிட்டாள். எட்டாம் தேதி அவர் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். தாலுக்கா ஆபீஸ் வாசலில் ஒரு ஆளைப் பிடித்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். "ஆர்.ஐ. தப்பாக மதிப்புப் போட்டிருக்கிறார்" என்ற வரி வந்ததும் மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். "எம்மச்சான் கண்ணால பாத்தத எழுதிகிறாரு. அவர பொய்யன்னு சொல்ற காயிதத்துல நான் கைநாட்டு வெக்கறதா? நெலம் போனா போவுது" என்றார்.

சொசைட்டி நோட்டீஸ் வந்துவிட்டது. அவர் திரிசூலத்துக் கல்குவாரிக்கு வேலைக்குப் போகிறார். விடிந்ததும் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. இந்த வயதில் சம்மட்டி பிடிக்கிறார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

அக்கா,
தபீதாள்

*

உத்திரமேரூர்
22-4-1967

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு எழுதவும். இங்கே வெயில் கடுமை. ஓட்டல் சாப்பாடு பரவாயில்லை.

பியூலா பரீட்சை எப்படி எழுதினாள்? வேண்டுமானால் தாம்பரம் வீட்டில் தங்கிப் படிக்கட்டும். ஞானஜோதியிடம் சொல்லியிருக்கிறேன். மாமாவைக் கல் தூசியில் வாயைத் துணியால் கட்டிக்கொள்ளச் சொல்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். வேறு விசேஷம் இல்லை.

தயாளன்

*

பூவத்தாங்கல்
18-6-1967

பிரியமுள்ள தம்பிக்கு,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. இங்கே உன் மாமாவுக்குக் கொஞ்சம் இருமல். மற்றபடி ஓடுகிறது.

நிலத்தைக் கொடுத்துவிட்டோம். போன திங்கட்கிழமை ரிஜிஸ்தர் ஆயிற்று. கீழ்க்கட்டளைப் பக்கம் மனைகள் விற்கிறவர் ஒருவர் வாங்கினார். ஏலத்துக்கு விட்டால் அதுவும் கிடைக்காது என்று அப்பாதுரை சொன்னார். சொசைட்டிக்குக் கட்டியதுபோக மீந்ததில் ஆலயத்துக் கூரைக்குக் கொஞ்சம் கொடுத்தோம். மேட்டுப்பக்கமாக இருப்பதால் மனைக்கு நல்ல இடமாம். வரப்பை வெட்டிச் சமமாக்கி, மூலைக்கு மூலை கல் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். உன் மாமா வேலை செய்கிற குவாரியிலிருந்து வந்த கல்லாகத்தான் இருக்கும். நான் அந்தப் பக்கம் போவதில்லை. மாட்டையும் விற்றுவிட்டோம், உழ நிலம் இல்லாமல் மாடு எதற்கு?

பியூலா பாஸ். மேலே படிக்கவில்லை. தாம்பரத்துக்கு வரவும் மாட்டேன் என்கிறாள். அப்பா சாப்பாட்டை யார் கட்டுவது என்கிறாள்.

இன்னொன்று கேட்கவேண்டும். போன ஞாயிறு தாம்பரம் மார்க்கெட்டில் நீ மீன் வாங்கிக்கொண்டிருந்ததை ஜெயவேலு பார்த்திருக்கிறார். கூப்பிட்டாராம், நீ காதில் வாங்காமல் போய்விட்டாயாம். தாம்பரத்திலிருந்து இங்கே ஐந்து மைல் தம்பி. ஏழு மாதமாக நீ இந்த வாசலை மிதிக்கவில்லை. முன்பெல்லாம் மாதம் தவறாமல் வந்து என் கருவாட்டுக் குழம்பைக் குறை சொல்லிக்கொண்டே மூன்று தடவை ஊற்றிக்கொள்வாய். என்மேல் கோபமா? மணியார்டரைத் திருப்பினோம் என்றா? மனு எழுதினோம் என்றா?

அன்றைக்கு நான் மட்டும் கதவில் குறுக்கே நிற்காமல் இருந்திருந்தால் அவர் போய்க் கசக்கிக் காட்டியிருப்பார், நீயும் சரியாக எழுதியிருப்பாய். நிலம் போனது என்னால். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. ஜெபத்தில் முழங்கால் போட்டால் இதுதான் வருகிறது. நீயாவது வந்து என்னைத் திட்டிவிட்டுப் போ.

அக்கா,
தபீதாள்

*

உத்திரமேரூர்
9-7-1967

அக்கா,

இதைத் தனியாக இருக்கும்போது வாசி. மாமா பக்கத்தில் இருந்தால் மடித்து வைத்துவிடு.

உன்மேல் ஒரு பழியும் இல்லை. நீ கதவில் நின்றதால் எதுவும் கெடவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை ஆறு தடவை எழுதிக் கிழித்தேன்.

அன்று உங்கள் நிலத்தைத் தாண்டி அப்பாதுரை அடுத்த வரப்புக்குப் போய்விட்டார். நான் செருப்பில் சேறு என்று சொல்லிப் பின்தங்கி, குனிந்து ஒரு கதிரை ஒடித்தேன். உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினேன். எல்லாம் பறந்துபோயிற்று. பத்து மணிகூட மிஞ்சவில்லை. இன்னும் இரண்டு இடத்தில் ஒடித்துப் பார்த்தேன், அதே கதைதான். மாமா வந்து எனக்குக் காட்டவேண்டியது எதுவும் இல்லை. நோட்டில் பென்சிலால் மூன்றணா என்று எழுதிக்கொண்டு வந்தேன். அதுதான் உண்மை.

நாலு நாள் கழித்து ஆபீசில் பட்டியலை மையில் எழுத உட்கார்ந்தேன். நாற்பத்தொரு பேரும் பள்ளப்பக்கம். மேட்டுப்பக்கத்தில் ஒரே ஒரு பெயர்தான், என் அக்கா புருஷன். பயிர் பச்சையாக நிற்கிற நிலம் அது. மேலே இருக்கிறவர்கள் கேட்பார்கள். இன்னொரு மொட்டை மனு போகும். அந்த மாதம்தான் பதவி உயர்வுக்குப் பெயர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கதிரைப் பறித்து ஒரு காகிதத்தில் மடித்து ஃபைலில் வைத்திருந்தால் போதும், ஒருவன் வாய் திறந்திருக்கமாட்டான். அதுகூடச் செய்யவில்லை. ரப்பரை எடுத்து மூன்றணாவை அழித்துவிட்டு எட்டணா எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது அக்கா. நான் எவ்வளவு யோக்கியன் என்று நினைத்துக்கொண்டேன். லஞ்சம் வாங்கினவனுக்காவது தான் திருடன் என்று தெரியும்.

இதற்கும் மேல் ஒன்று இருக்கிறது. உன் ஜனவரிக் கடிதம் தாமதமாக வரவில்லை. பதின்மூன்றாம் தேதியே கிடைத்தது. அன்று நான் தாம்பரம் வீட்டில்தான் இருந்தேன். மனுக் கொடுத்தால் மறுபடி பார்க்க வருவார்கள், களத்தில் பதர் இருக்கிறது, என் எட்டணா பொய் என்று வெளியாகும். கடிதத்தை வேதாகமத்துக்குள் வைத்துவிட்டு ஒன்பதாம் தேதி எப்போது வரும் என்று நாள் எண்ணினேன். "உன்னைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டோம்" என்று நீ எழுதியிருந்தாய். அதை நம்பித்தான் பதில் எழுதாமல் இருந்தேன்.

பிறகு நீ எழுதினாய், மாமா மனுவோடு ஆபீஸ் வாசல்வரை போய் எனக்காகத் திரும்பி வந்தார் என்று. நான் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் போனபோது சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு போனவர் அவர். எந்த முகத்தோடு அந்த வாசலுக்கு வருவேன்? ஜெயவேலு கூப்பிட்டது எனக்குக் கேட்டது. ஓடிவிட்டேன்.

இனி முடியாது. உன் பதில் கண்டதும் வந்து மாமா காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அவர் அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். மேலதிகாரிக்கும் எழுதுகிறேன். வேலை போனால் போகட்டும். நீ என்னை மன்னிப்பாயா என்று மட்டும் எழுது.

தயாளன்

*

பூவத்தாங்கல்
27-8-1967

தயாளனுக்கு,

சுகம். உன் சுகத்தை இந்தத் தடவை நான் கேட்காமலே எழுதியிருந்தாய்.

பதில் தாமதமானதற்குத் தேர்தல் ஒன்றும் காரணம் இல்லை. ஆறு வாரமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

தனியாக வாசி என்று மேலே எழுதியிருந்தாய். தபால்காரர் அதைக் கொண்டுபோய் லாரியிலிருந்து இறங்கிய உன் மாமா கையில் கொடுத்துவிட்டார். உனக்குத்தான் தெரியுமே, அவருக்கு எழுத்து வாசனை இல்லை. உன் கடிதம் என்றால் நான் உரக்க வாசிக்கவேண்டும், அவர் கால் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து கேட்கவேண்டும். இருபது வருஷப் பழக்கம். "மே தபீதா, மச்சான் லெட்டர் வந்துகீது. பெருசா கீது. படி" என்று சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் கல் தூசி.

பிரித்தேன். முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. மடித்து வைத்தால் என்ன என்று கேட்பார். வாசித்தேன். கண் உன் வரியில் போனது, வாய் வேறு சொன்னது. எல்லாரும் நலம் என்றேன். உனக்கு முதுகுவலி, பஸ்ஸில் உட்கார முடியவில்லை, அதனால்தான் இத்தனை மாதம் வரவில்லை என்றேன். நீ கதிரை ஊதின இடத்துக்கு வந்தபோது நிறுத்தினேன். இருமி, தண்ணீர் குடித்து, அங்கே ஒரு மிராசுதாரர் பொய்க்கணக்கு எழுதச் சொன்னதாகவும் நீ எழுதமாட்டேன் என்று சொன்னதாகவும் வாசித்தேன். அது எங்கிருந்து என் வாயில் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. நான் ஞாயிறுபள்ளியில் பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவள்.

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "பாத்தியா? எம்மச்சான் அப்டிதான். சொந்த அக்காளுக்கே எழுதாத ஆளு, அந்த மிராசுதாருக்கா எழுதுவாரு? அந்த எடத்த இன்னொருவாட்டி படி" என்றார். திரும்ப வாசித்தேன். முதல் தடவை சொன்னது மாறாமல் வரவேண்டுமே என்று முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

மன்னிப்பாயா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை தயாளா. நிலம் என்னால்தான் போனது என்று ஆறு மாதம் நான் செத்துக்கொண்டிருந்தேன். உனக்கு அது தெரியும். தெரிந்தும் "வேறு விசேஷம் இல்லை" என்று எழுதினாய். நிலத்தைக்கூட விட்டுவிடுவேன். அந்த வரியை விட முடியவில்லை. ஜெபத்தில் உன் பேரைச் சொல்ல வந்தால் நாக்கு நிற்கிறது. ஆனால் உன் பேரை விட்டுவிட்டு ஜெபிக்கவும் வரவில்லை.

நீ அவர் காலில் விழ வரக்கூடாது. மேலதிகாரிக்கும் எழுதக்கூடாது. இது அக்காவின் உத்தரவு. சொல்லிவிட்டால் உனக்குப் பாரம் இறங்கும். அதை எங்கே இறக்கி வைப்பாய்? அவர் தலையில்தானே. குவாரியில் மதியம் சாப்பிட உட்கார்ந்தால் இருபது பேருக்கு உன் கதையைச் சொல்கிறாராம். "எம்மச்சான் டெபுடி தாசில்தாரு. எந்நெலத்தையே தள்ளுபடில சேக்காத மனுசன்" என்று ஆரம்பித்தால் மேஸ்திரிகூடக் கேட்டுக்கொண்டிருப்பாராம். அவருக்கு நிலம் இல்லை, மாடு இல்லை. நீ யோக்கியன் என்பது ஒன்றுதான் இருக்கிறது. அதையும் வந்து எடுத்துக்கொண்டு போய்விடாதே.

உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். இதையும் படித்துவிட்டுப் போட்டுவிடு.

இனி அவர் எழுதச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மச்சான், ஒடம்ப பாத்துக்கோ. முதுகு வலின்னா லேசா உடாத. பக்கத்து வூட்டு செல்லம்மா காய்ச்சின தைலம் ஒரு பாட்டில் பால்காரர்கிட்ட குடுத்து உட்டுகிறேன், சுடுதண்ணி ஊத்தி தேச்சிக்கோ. அறுப்பின் பண்டிகைக்கு கண்டிசனா வந்துடணும். குவாரில ஒன்ன பாக்கணும்னு நாலஞ்சு பேரு கேட்டுகினு கீறாங்க. நான் சொல்ற ஆளு நெசமாவே கீறாரான்னு சந்தேகப்படறானுங்க."

செப்டம்பர் கடைசி ஞாயிறு பண்டிகை. நாங்கள் இந்த வருஷம் நெல் படைக்க முடியாது, பூசணிக்காய் வைக்கிறோம். குழம்பு வைத்திருப்பேன். வந்து சாப்பிடு. அவர் யாரையாவது கூட்டிக்கொண்டுவந்து காட்டினால் நேராக நின்று கும்பிடு போடு. மற்ற நேரம் கொஞ்சம் குனிந்தே நட. உனக்கு முதுகு வலிக்கிறது என்று வாசித்திருக்கிறேன்.

அக்கா,
தபீதாள்